ஒரு மெடலுக்கு எத்தனை ஆள்

ஆஸ்பத்திரி லாண்டிரியில இஸ்திரி அக்காவைத் தெரியாதவங்க கிடையாது. ரெண்டு ஆள் நீளத்துக்கு ஒரு உருளை மெஷின். இந்தப் பக்கம் ஈரப் போர்வையைக் கொடுத்தா அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடன்னு வரும். அக்காவைத் தவிர ஒருத்தரும் அதைத் தொட மாட்டாங்க. தொட்டா கை வெந்துடும்னு ஒரு பயம். அக்கா வாய் அதைவிடச் சூடுன்னு இன்னொரு பயம்.

அந்த வருஷம் அந்த வாய்க்காரிக்கே வயித்துல நெருப்பு. வெளியூர்ல கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு ரெண்டாவது பிரசவம். மொதத் தடவை இவளுக்கு லீவு கிடைக்கல. இதோ தரேன், அதோ தரேன்னு இழுத்தடிச்சுட்டாங்க. அடிச்சுப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்தப்போ குழந்தை தங்கல. வாங்கி வெச்ச தொட்டிலைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டு மாப்பிள்ளை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். பொண்ணு அழக்கூட இல்ல. "நீ ஏம்மா வரல?"ன்னு கேட்டா, அவ்வளவுதான்.

இந்தத் தடவை டாக்டர் சொன்ன தேதி ஸ்கூல் காலாண்டு லீவு மாசத்துல விழுந்துச்சு. அந்த மாசம் லீவு கேட்டு ஆஸ்பத்திரியே அடிச்சுக்கும். அங்க ஒரு வழக்கம். வருஷா வருஷம் பிரிவுக்குப் பிரிவு விளையாட்டுப் போட்டி வைப்பாங்க. ஜெயிக்கிற பிரிவு மொதல்ல லீவு எழுதிக்கலாம், மத்தவங்க மிச்சத்தைப் பொறுக்கிக்கணும். கோப்பையும் உண்டு. அதை யாரு சீண்டினா?

அதுக்காகத்தான் முழங்கால் வலியை வெச்சுக்கிட்டு அக்கா கயிறு இழுக்கக் கிளம்பினா.

எட்டுப் பேர் வேணும். லாண்டிரியில மொத்தம் பன்னெண்டு பேர். அதுல இடுப்பு போனவங்க, மூட்டு போனவங்க, புருஷன் திட்டுவார்னு சொன்னவங்க எல்லாம் போகத் தேறினது நாலு. மீதி நாலுக்கு அக்கா வார்டு பெருக்கற காண்ட்ராக்ட் பொண்ணுங்களைப் பிடிச்சா.

போட்டி நடத்தறவர் ஸ்டோர் ஆபீசர். "பிரிவுல பேர் இருந்தாத்தான் இறக்குவேன்"னார்.

"எழுதிக்குங்க சார். எல்லாம் எங்க பொண்ணுங்கதான். தினம் அழுக்குத் துணிய மூட்டை கட்டி யார்கிட்ட கொண்டு வர்றாங்க, உங்ககிட்டயா?"

எழுதிக்கிட்டார்.

அந்த நாலுல ஒருத்தி குள்ளம். கயித்தோட நுனியை இடுப்புல சுத்திக்கிட்டு, குதிகாலை மண்ணுல புதைச்சு நின்னுட்டா. எதிர்ல சமையல்கூடத்துப் பொம்பளைங்க. ஒவ்வொருத்தியும் அண்டா தூக்கின உடம்பு. முக்கிப் பார்த்தாங்க, முனகிப் பார்த்தாங்க, அவ அசையவே இல்ல. கடைசியில கயிறு லாண்டிரி பக்கம் வந்துடுச்சு. உள்ளங்கைத் தோல் உரிஞ்சு கயிறெல்லாம் ரத்தம். அக்கா ஓடிப் போய் அவளைத் தூக்கி இடுப்புல வெச்சுக்காத குறை. "இவ பொண்ணு இல்லடி, ஆணி! அடிச்சு இறக்கின ஆணி!"ன்னு கத்தினா. அன்னைலேர்ந்து அவ பேரே ஆணிதான்.

போட்டி முடிஞ்சு சாயங்காலம், ஜெயிச்ச பிரிவு எதுன்னு முடிவு பண்ணக் கேன்டீன்ல கூடினாங்க. அப்போ ஒலிம்பிக்ஸ் நேரம் வேற. டிவியில நாடுகளோட மெடல் பட்டியல் ஓடிக்கிட்டிருந்துச்சு.

ஆபீஸ் கிளார்க் ஒருத்தன், கேரம் மன்னன்னு கூப்பிடுவாங்க, டிவியைக் கை காட்டினான். "உலகமே அப்படித்தான் போடுது. தங்கம் யாருக்கு அதிகமோ அவங்க மேல. எங்களுக்குத் தங்கம் நாலு, வெள்ளி ஒண்ணு. முடிஞ்சது கதை."

"அந்த நாலும் நீ ஒருத்தனே உட்கார்ந்த இடத்துல வாங்கினது. ஆபீஸ்ல மத்தவங்க எல்லாம் என்ன, கை தட்டறதுக்கா?" சமையல் மாஸ்டர் எழுந்துட்டார். "இன்னொரு சேனல்ல மொத்தத்தை எண்ணித்தான் போடறான். எங்களுக்கு ஒரு வெள்ளி, ஏழு வெண்கலம். எட்டு மெடல்! லாண்டிரிக்கு ஆறு, உங்களுக்கு அஞ்சு."

"ஏழு வெண்கலத்தை உருக்கி ஊத்தினாலும் ஒரு தங்கம் ஆகாது மாஸ்டர்."

"வாய உருக்கி ஊத்தினா நீ ஒரு மனுஷன் ஆவியா பாரு."

ரெண்டு கணக்குலயும் லாண்டிரி மொதல்ல வரல. அக்கா கொஞ்ச நேரம் டிவியவே பார்த்தா. கோடிக்கணக்குல ஜனம் இருக்கற நாடு மேல. கைப்பிடி ஜனம் இருக்கற ஒரு நாடு ஒத்தை மெடலோட எங்கயோ அடியில. சட்டுனு திரும்பினா.

"நாற்பது பேர் இருக்கற வீட்டுல நாலு பேர் சம்பாதிக்கிறதும், நாலு பேர் இருக்கற வீட்டுல ரெண்டு பேர் சம்பாதிக்கிறதும் ஒண்ணா? ஆள் கணக்குக்கு வகுத்துப் பாருங்க. ஒரு மெடலுக்கு எத்தனை ஆள்? ஆள் குறைச்சலா இருந்தா அவங்கதான் மேல. ஆபீசுக்கு எட்டுப் பேருக்கு ஒரு மெடல். எங்களுக்கு ரெண்டு பேருக்கு ஒண்ணு!"

மூலையிலிருந்து ஒரு குரல். வாசல் காவல்காரர். அவர் ஒத்தை ஆளே ஒரு பிரிவு, ஒரு வெண்கலம் வாங்கியிருந்தார். "அப்போ நான்தான் முதல்! ஒரு மெடல், ஒரு ஆள்!"

கேன்டீனே சிரிச்சுது. ஆபீசர், "குறைஞ்சது மூணு மெடல் வாங்கின பிரிவுக்குத்தான் இந்தக் கணக்கு"ன்னு அவரை உட்கார வெச்சார். வருஷா வருஷம் ஆபீஸ்காரங்களே மொதல்ல லீவு எழுதறதுல சின்னப் பிரிவுக்காரங்க வெந்து போயிருந்தாங்க. எந்தக் கணக்கு வேணும்னு ஆபீசர் கை தூக்கச் சொன்னப்போ அக்கா பக்கம்தான் அதிகம். அக்காவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மனசுக்குள்ள பஸ் ஏறியே ஆச்சு.

சமையல் மாஸ்டர் மட்டும் உட்காரல. "சரி, வகுக்கலாம். நாங்க இருபது பேர், எட்டு மெடல். ரெண்டரை ஆளுக்கு ஒண்ணு. லாண்டிரி பன்னெண்டு இல்லையே? நாலு காண்ட்ராக்ட் பொண்ணுங்க பேரைச் சேர்த்திருக்கே. அப்போ பதினாறு. பதினாறை ஆறால வகுத்தா ரெண்டரையைத் தாண்டிடுது. நாங்கதான் முதல்."

அக்கா கூட்டிப் பார்த்தா, கழிச்சுப் பார்த்தா. மாஸ்டர் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு.

ஸ்டோர் ஆபீசருக்கும் மாஸ்டருக்கும் ஏற்கெனவே ஆகாது. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே அவர் சொன்னார்: "அவங்க காண்ட்ராக்ட்தானே? சும்மா ஆட வந்த விருந்தாளிங்கன்னு போட்டுக்கலாம். மெடல் லாண்டிரிக்கு, ஆள் கணக்குல வேண்டாம்."

"அது எப்படி சார்? இழுக்கும்போது அவங்க ஆளு, வகுக்கும்போது யாரோவா?"

"அக்காவே சொல்லட்டும். அவங்க சொல்றபடி எழுதறேன்."

மொத்தப் பேரும் அக்காவைப் பார்த்தாங்க. கதவோரத்துல ஆணி நின்னுக்கிட்டிருந்தா. காண்ட்ராக்ட் ஆளுங்க கேன்டீன்ல உட்காரக் கூடாது, அதனால நின்னா. ரெண்டு கையிலயும் பழைய போர்வையில கிழிச்ச கட்டு. அந்தக் கட்டைப் போட்டு விட்டதே அக்காதான்.

அக்கா கதவுப் பக்கம் பார்க்காம ஆபீசர் பக்கம் திரும்பினா.

"அவங்க எங்க ஆளுங்க இல்ல சார்"னா.

மாஸ்டர் தலையில அடிச்சுக்கிட்டு வெளிய போனார். லாண்டிரிக்காரங்க கை தட்டினாங்க. அக்கா திரும்பிப் பார்க்கறதுக்குள்ள கதவோரம் காலி.

ஆணி சண்டை போடல. சண்டை போட்டிருந்தா அக்காவுக்குப் பிழைப்பு ஈசியா இருந்திருக்கும். முன்னல்லாம் மூட்டையைக் கொண்டு வந்து மேஜை மேல பொத்துனு போட்டு, "இந்தாங்கக்கா, உங்க சீர்வரிசை"ம்பா. இப்போ வாசப்படியில வெச்சுட்டுப் போயிடுவா. அக்கா கூப்பிட்டா நிப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா, போவா.

லீவுக்கு முந்தின நாள் ஸ்டோர் ஆபீசர் அவளைக் கூட்டிக்கிட்டு லாண்டிரிக்கு வந்தார். "நீங்க வர்ற வரைக்கும் மெஷின்ல இவ நிப்பா. உங்க ஆளுங்க எல்லாரும் பயந்துக்கறாங்க. இவதான் பயப்படாதவ."

அவர் போனதும் அக்கா மெஷினைக் காட்டினா. எந்தச் சக்கரம், எந்த விசை, எங்க கை வைக்கக் கூடாது. ஆணி தலையாட்டிக்கிட்டே வந்தா. உள்ளங்கைக் காயம் ஆறி, புதுத்தோல் பளபளன்னு இருந்துச்சு.

எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, ரொம்ப சாதாரணமா, விலாசம் கேக்கற மாதிரி கேட்டா: "கை வெந்துட்டா என்னை எந்தக் கணக்குலக்கா எழுதுவாங்க?"

அக்கா தன் அலமாரியைத் திறந்து, நிரந்தர ஆளுங்களுக்கு மட்டும் கொடுக்கற தடிச்ச கையுறையை எடுத்து நீட்டினா. ஆணி போட்டுப் பார்த்தா. அந்தக் குட்டிக் கைக்கு அது முழங்கை வரைக்கும் தொளதொளன்னு வந்துச்சு.

"பெருசா இருக்கு. உருளையில மாட்டிக்கும்"னு கழட்டி, மடிச்சு, அக்கா கையிலயே வெச்சுட்டா. "போயிட்டு வாங்க. பொண்ணு காத்துக்கிட்டிருக்கும்."

அதுல குத்தல் இருந்திருந்தா அக்கா நாலு திருப்பிக் கொடுத்திருப்பா. இல்ல.

பஸ்ல உட்கார்ந்ததும் பொண்ணு போன் பண்ணா. "ஏறிட்டியாம்மா?"

"ஏறிட்டேன்டி."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? லீவு நிஜமாவே கொடுத்துட்டாங்கல்ல?"

"கொடுத்துட்டாங்க"ன்னா அக்கா. மடியில அந்தக் கையுறை. பையில வைக்காம பஸ் வரைக்கும் கையிலயே பிடிச்சுக்கிட்டு வந்திருக்கா.