பாய்லர் இல்லாத ஆவி

1. தண்ணீர் கேட்டவன்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதத் துணிந்தேன். பாய்லர் வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் இதைப் படிக்க வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு மில்லுக்குச் சொந்தமான பவர் ஹவுஸில் நான் பயர்மேன். பாய்லரில் கரி அள்ளிப் போடுவது வேலை. கரி எரிந்து தண்ணீர் ஆவியாகும். ஆவி குழாய் வழியாகப் போய் டர்பைனைச் சுற்றும். அதோடு ஜெனரேட்டரும் சுற்றி மின்சாரம் வரும். வேலை முடிந்த ஆவி கண்டென்சரில் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகி, பாய்லருக்கே திரும்பும். படிக்க இவ்வளவுதான். சித்திரை மாதத்தில் பாய்லர் வாயருகே நின்றால்தான் மீதி தெரியும்.

உப்பு பட்டால் பாய்லர் கெட்டுவிடும் என்று அதற்குச் சுத்தம் செய்த தண்ணீர் ஊற்றுவார்கள். எங்களுக்குக் கேட்டுக்கு வெளியே தெருக்குழாய். ஷிப்ட் நடுவில் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். ஒரு நாள் என் கூட வேலை செய்த ஏழுமலை கரி அள்ளிக்கொண்டிருந்தவன், ஷவலைப் பிடித்தபடியே சாய்ந்து விழுந்தான். முன்பு கட்டுமரம் ஏறி மீன் பிடித்த குப்பத்து ஆள் அவன். கடல் வெயிலைத் தாங்கியவனைப் பாய்லர் தள்ளிவிட்டது.

தெளிந்து எழுந்ததும் நேரே சூப்பரின்டென்டென்டிடம் போனான். நாங்களும் பின்னால் போனோம்.

"ஸார், பாய்லருக்கு ஊத்தற தண்ணில ஒரு பானை எங்களுக்கும் குட்த்தா இன்னா ஸார்? அதுவும் எங்களாட்டம் வேல செய்றதுதானே" என்றான்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ரொம்பப் பேசாதே. இத்தாலியில ஒரு ஊர்ல பூமியில ஓட்டை போட்டா ஆவி வருது. அதை நேரா டர்பைனுக்கு விட்டுக் கரண்ட் எடுக்கறாங்க. கரி கிடையாது, பாய்லர் கிடையாது, பயர்மேனும் கிடையாது. இங்கேயும் ஒரு நாள் வரும். அப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்து வேணுங்கற தண்ணி குடி."

பானையைப் பற்றிய பேச்சு அங்கேயே நின்றது.

2. முக்காலி

கொஞ்ச நாளில் கரி யார்டு ஓரத்தில் மூன்று இரும்புக் கால்களைக் கூட்டிப் பெரிய முக்காலி ஒன்றை நட்டார்கள். இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. நாலு ஆள் சுற்றிச் சுற்றி நடந்து குழாயைத் திருகித் தரைக்குள் இறக்கினார்கள்.

"மாமு, இன்னாத்துக்கு ஓட்டை போட்டுகினு கீறானுங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"நம்ம வேலைக்குத்தான் குழி. வேற இன்னா?" என்றான் ஏழுமலை.

அன்று மாலை சூப்பரின்டென்டென்ட் அந்தப் பக்கம் வந்தார். ஏழுமலை ஓடிப்போய்க் கேட்டான். அவர் சிரித்தார். "பார்த்துக்கிட்டே இரு. கீழேயிருந்து வரப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் குழாயில் ஏறி வந்த சேற்றை ஏழுமலை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சுடுதுபா."

வெயிலில் கிடந்த சேறு சுடாமல் என்ன செய்யும்? ஆனால் நான் தொட்டபோது எனக்கும் சுட்டது.

துளை போடுகிற போர்க்காரர்கள் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில், உடைந்த பயர்பார் ஒன்றை, அதாவது கரி எரிகிற தட்டின் இரும்புக் கம்பியை, ஏழுமலை அந்தக் குழாய்க்குள் விட்டான். அது மோதி மோதி இறங்கிய சத்தம் பாய்லர் வரைக்கும் கேட்டது.

3. விளையாட்டு

போர் மேஸ்திரி குழாயை அசைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எவன்பா இரும்ப உட்டது? இனிமே இந்த ஓட்டை ஒண்ணுத்துக்கும் ஆவாது. குடிக்கிற தண்ணிக்குப் போட்ட போர்பா இது. உங்களுக்குத்தாம்பா."

ஏழுமலை குழாயருகே போய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

சூப்பரின்டென்டென்ட் எங்களை வரிசையாக நிறுத்தினார். அவர் கேட்பதற்கு முன்பே ஏழுமலை முன்னால் வந்துவிட்டான்.

"நாந்தான் ஸார்."

"தன் வாய்க்கு வர்ற தண்ணியிலேயே இரும்பைப் போட்ட முட்டாளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் அவர்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று தெரியவில்லை.

"தண்ணிக்குத்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே ஸார்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொன்னேன்யா" என்றார்.

அன்று மாலையே ஏழுமலையை வேலையை விட்டு நீக்கினார்கள். விளையாடியவர் தன் நாற்காலியிலேயே இருந்தார். வருஷங்கள் ஆகியும் விளையாட்டு என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டால் என் காது சுடுகிறது.

4. நெருப்பு எங்கே

இத்தாலி விஷயமாவது உண்மையா என்று எங்கள் ஷிப்ட் இன்ஜினியரிடம் கேட்டேன். நல்ல மனுஷர். சாக்பீஸால், கரி கொட்டி வைக்கும் பங்கர் சுவரிலேயே படம் போட்டார்.

"உண்மைதான். பூமிக்குள்ளே போகப் போகச் சூடு. சில இடத்துல மட்டும் சூட்டுப் பாறை மேலாக இருக்கும். மழைத் தண்ணி விரிசல் வழியா அதுமேல இறங்கிக் கொதிச்சு, வெளியே வர வழியில்லாம அழுத்தத்தோட கிடக்கும். அங்கே ஓட்டை போட்டா ஆவி சீறிக்கிட்டு வரும். அதுல கலந்த தண்ணியையும் மண்ணையும் பிரிச்சுட்டு டர்பைனுக்கு விடுவாங்க. அதுக்கு அப்புறம் நம்ம பவர் ஹவுஸ் மாதிரிதான். பூமியே பாய்லர், அவ்வளவுதான்யா."

"இங்க தோண்டினா வருமா ஸார்?"

"இங்கே அந்தப் பாறைக்கு எங்கே போறது? தண்ணிதான் வரும்."

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. சூப்பரின்டென்டென்ட் சொன்னது முழுப் பொய் இல்லை. உண்மையில் பாதியை எடுத்து எங்கள் தலையில் போட்டார். ஆவி என்றால் நெருப்பு எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்ப்பதுதான் பயர்மேன் வேலை. தினமும் அதைச் செய்த எங்களில் ஒருவனுக்கும் அவரிடம் "அந்த நெருப்பு இங்கே எங்கே ஸார்?" என்று கேட்கத் தோன்றவில்லை. வேலை போய்விடும் என்ற சொல் அவ்வளவு கெட்டியாகக் கண்ணை மூடிவிட்டது.

பையன்களே, புது மெஷின் வந்து உங்களைத் துரத்தும் என்று யாராவது சொன்னால், அது எதனால் ஓடுகிறது என்று அங்கேயே, அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள். தெரிந்தவர் சொல்வார். மிரட்ட வந்தவர் பேச்சை மாற்றுவார்.

மறு வருஷம் வேறொரு மூலையில் போர் போட்டார்கள். தண்ணீர் நன்றாகவே வந்தது. சில்லென்று இருந்தது. பாய்லர் பக்கத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது வரிசையில் நின்று குடிக்கிறோம். தண்ணீர் கேட்டவன் மட்டும் அதில் ஒரு வாய் குடித்ததில்லை. கேட்டுக்குள் அவனை விடுவதில்லை.