ஐஸ் பெட்டிக்குள் போன ஊசி

எங்கள் வீட்டில் ஐஸைப் பற்றித் தெரிந்தவர் என் வீட்டுக்காரர். பழவேற்காட்டில் மீன் ஏற்றுகிற கொட்டகையில் இறாலுக்கும் நண்டுக்கும் ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுவது அவர் வேலை. சென்னைக்குப் போகிற சரக்கு வழியில் கெடாமல் இருக்க, நொறுக்கிய ஐஸின் மேல் கல்லுப்பைத் தூவுவார். உப்பு விழுந்தால்தான் குளிர் இன்னும் ஏறி ஐஸ் கடிக்கும் என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இன்ஜினியர் களை வந்துவிடும்.

எனக்குத் தெரிந்தது தண்ணீர். ஏரியில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். வலையும் கிடையாது, படகும் கிடையாது. பனையோலையில் பின்னிய பறியைப் பல்லில் கவ்விக்கொண்டால் இரண்டு கையும் தொழிலுக்கு. கலங்கிய தண்ணீருக்குள் கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை, விரல்தான் பார்க்க வேண்டும்.

அந்த விரல்களைத்தான் முடக்குவாதம் பிடித்தது. காலையில் எழுந்தால் கை மூடாது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட வேண்டும். தண்ணீரில் இறங்கினால் உள்ளங்கையில் இறால் துள்ளுவது நன்றாகத் தெரியும், நான் விரலை மடக்குவதற்குள் அது போய்விடும். சும்மாவும் போகாது, வாலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். எனக்கு வருகிற ஆத்திரத்தில் ஏரியையே திட்டுவேன். மாத்திரை விழுங்கினேன். பச்சிலை வைத்துக் கட்டினேன். எளாவூர்ப் பக்கம் ஒருவர் எண்ணெய் தருகிறார் என்றார்கள், அங்கேயும் போய் வந்தேன். எண்ணெய் நல்ல வாசனையாகத்தான் இருந்தது.

கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்ச காலம் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒரு நாள் ஊசியைப் பற்றிப் பேசினார்.

"மாத்திரை மட்டும் போதலைம்மா. இது பயாலஜிக்கல்னு ஒரு ஊசி. உயிருள்ள செல்லை வளர்த்து, அதுலேர்ந்து எடுக்கிற மருந்து."

"இன்னா உயிரு மேடம்? எலியா, பன்னியா?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலி மாதிரி ஒரு பிராணியின் செல்லை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறார்கள், அந்தப் பிராணி ஊசிக்குள் வராது என்று பொறுமையாக விளக்கினார். இதைப் போட்டுக்கொண்டால் தொற்று சுலபமாக வரலாம், காய்ச்சல் வந்தாலும் புண் வந்தாலும் உடனே காட்ட வேண்டும், காசநோய் இல்லையென்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் மறைக்காமல் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டினது தலை மட்டும்தான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குழாயடியில் நான் வாயைத் திறந்ததுதான் தாமதம்.

"அது கடைசி மருந்தாமே. அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னாதான் குடுப்பாங்களாம்."

"ஒருவாட்டி போட்டா ஆயுசுக்கும் போட்டுக்கினே இருக்கணுமாம்."

"ஒடம்புல இருக்குற சக்தியெல்லாம் உறிஞ்சிடுமாம். அப்பால சளி புடிச்சாகூட ஆளு காலி."

பாதி நிஜம், பாதி கயிறு. ஆனால் எனக்கு ஊர்ப் பேச்சு சௌகரியமாக இருந்தது. என் பயம் ஊசிமேல் இல்லை. மாத்திரை, பச்சிலை, எண்ணெய் என்று ஒவ்வொன்றையும் நம்பி ஏமாந்தாயிற்று. இதையும் நம்பி இதுவும் கைவிட்டால் அப்புறம் எதை நம்புவது? போடாமல் இருந்தால், போட்டிருந்தால் சரியாகியிருக்கும் என்றாவது நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "எனக்கு அந்தச் சனியன் புடிச்ச ஊசி வேணாம்" என்று மட்டும் கத்தினேன்.

வீட்டுக்காரர்தான் விடவில்லை. சோதனையெல்லாம் முடிந்து முதல் ஊசிகளை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். பிறகு தொடையில் நானே போட்டுக்கொள்ள நர்ஸம்மா சொல்லிக்கொடுத்து, ஊசியைக் கையில் கொடுத்தார். "குளிர்ல வைக்கணும். ஃபிரிட்ஜ்ல நடுத்தட்டுல வைங்க. உறையவிடாதீங்க" என்றார். "குளுருதானே மேடம், அது நம்ம வேலை" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, துவைத்த புடவையைப் பிழிந்தேன். பிழிந்து, உதறி, கொடியில் போட்ட பிறகுதான் உறைத்தது. நான் தனியாகப் பிழிந்திருக்கிறேன். மறுபடி எடுத்துப் பிழிந்து பார்த்தேன், சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சந்தோஷத்தில் மூன்றாவது தடவையும் பிழிந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும். அதோடு அத்தனை நாள் திட்டியதையெல்லாம் விழுங்கியாக வேண்டுமே! ஆகவே கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எப்போதும்போலப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கரண்ட் போனது. மத்தியானம் நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்தபோது இவர் வாசலிலேயே நின்றார்.

"ஃபிரிட்ஜ் சூடாய்க்கினு வந்துச்சு. ஊசியப் பத்திக் கவலப்படாத. எக்ஸ்போர்ட் எறாவுக்குக் கட்றா மாதிரி கட்டி வச்சிக்கிறேன்."

தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். நொறுக்கிய ஐஸ் நிறைய, மேலே கல்லுப்பு. அதற்குள்ளிருந்து ஊசியை எடுத்துப் பெருமையாக நீட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் மருந்து கல்லாகக் கட்டியிருந்தது.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? உறையக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

"உருகிட்டா பழையபடி ஆய்டும்மே. மீனு ஆவுதில்ல?"

"மீனைச் செத்த அப்பாலதானய்யா ஐஸ்ல போடுற!"

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டோம். உருகினாலும் அதைப் போடவே கூடாது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அம்மா செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. இவர் பயந்துவிட்டார்.

"நீதான வேணாம் வேணாம்னு கத்துன? இப்ப இன்னாத்துக்கு அழுவுற?"

முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்து அவர் முகத்துக்கு நேராக மூடிக் காட்டினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியிலிருந்த ஐஸை வாசல் மழையில் கொட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாளே பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவரே, "நான்தான் மேடம் கெடுத்தேன். உப்புகூடப் போட்டேன்" என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. வேறு ஊசி தருவதாகச் சொன்னார், ஆனால் இருப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் விரல்களில் பழைய இறுக்கம் மெல்லத் திரும்பியது. காலையில் கண் விழித்ததும் முதலில் கையைத்தான் மூடிப் பார்ப்பேன். எதை நம்பக் கூடாது என்று இருந்தேனோ, அதையே வேண்டிக்கொண்டு கிடந்தேன்.

புது ஊசி வந்தது. ரயிலில் இவர் அதைத் துண்டில் சுற்றி, குளிர்ப்பையோடு மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உள்ளே கையை விட்டுப் பார்த்து, "குளுருது, ஆனா கடிக்கல" என்று எனக்குச் செய்தி சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, பையில் குஞ்சு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

தை பிறந்து, டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கையில் கீறல் இல்லையென்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஏரியில் இறங்கினேன். இவர் வேலைக்குப் போகாமல் கரையில் நின்றார். தண்ணீர் சில்லென்று இருந்தது. பறியைக் கவ்விக்கொண்டு சேற்றைத் தடவினேன். விரலுக்குச் சேறு தெரிந்தது, சிப்பி தெரிந்தது, பாசி தெரிந்தது. உள்ளங்கையில் ஒன்று துள்ளியது. மடக்கினேன். மடங்கியது.

பறியில் போட மனசு வரவில்லை. மூடிய கையோடு கரைக்கு நடந்தேன். அவர் கையைப் பிடித்து, துடித்துக்கொண்டிருந்த இறாலை அதில் வைத்தேன். சின்ன இறால்தான். அவர் அதைக் கண் கலங்கப் பார்த்தார்.

"இத எங்கமே வைக்கட்டும்?"

"எங்க வேணா வையி," என்றேன். "ஐஸ்ல மட்டும் வைக்காத."