நான் நிறுத்திய இடத்தில் அவர் தொடங்கினார்

போன வருடம் சாம்பல் புதன் கழிந்த மூன்றாம் நாள் என் கணவரின் பேச்சு நின்றுபோனது. காலையில் காபி கேட்டு வாங்கிக் குடித்தவர்தான். பத்து மணிக்கு வாயைத் திறக்கிறார், சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. பக்கவாதம் என்றார்கள். கையும் காலும் சீக்கிரமே தேறின. பேச்சு மட்டும் வரவேயில்லை.

தி. நகர் ஜவுளிக்கடையில் முப்பது வருடம் சேலை விரித்துக் காட்டியவர் அவர். ஒரு சேலை வாங்க வந்தவரை மூன்று வாங்க வைத்த வாய். அது மூடிக்கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். "அவர் பேச்சைத் திருப்பிக் கொடும், வேறொன்றும் கேட்க மாட்டேன்" என்று தினமும் அழுதேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு ஜெபமாலை தவறாது. ஒவ்வொரு ஜெபத்திலும் ஒருவர் முதல் பாதி சொல்ல, மற்றவர் மறுபாதி சொல்லி முடிக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் மறுபாதி அவருடையது. அவர் வாயடைத்த பிறகு இரண்டையும் நானே சொன்னேன். அவர் மனம் நோகக்கூடாதே என்று இடைவெளி விடாமல் கடகடவென்று ஓட்டினேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒரு பிள்ளை பதில் தெரியாமல் விழித்தால் நானே சொல்லிவிடுகிற புத்தி எனக்கு.

உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முடிந்த வாரம். "பிதாவுக்கும் சுதனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக" என்று சொல்லும்போதே அடுப்பில் பால் பொங்கியது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆதியில் இருந்தது போல, இப்பொழுதும், எப்பொழுதும்..."

குழறல்தான். ஆனால் ஆமென் வரைக்கும் வந்தது! பாலாவது ஒன்றாவது. அவர் காலடியில் உட்கார்ந்து கதறிவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சிரித்தார். "சின்ன வயசுலேர்ந்து சொன்னது சில பேருக்கு அப்படியே தங்கியிருக்கும்மா. அதைப் பிடிச்சுக்கிட்டே மத்ததையும் இழுத்துடலாம்." இருக்கட்டும். தங்க வைத்தவர் யார்?

ஆயிரம் முறை சொன்ன ஜெபம் அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த 'ஆதி'யைத் தேடி வேதாகமத்தின் முதல் பக்கத்தை எடுத்து நிதானமாக வாசித்தேன். வெறுமை, இருட்டு, தண்ணீர். அங்கேயும் ஆண்டவர் இருக்கிறார். நமக்கெல்லாம் பிறந்த தேதி உண்டு, அவருக்கு அதுவும் இல்லை. தனக்கென்று தொடக்கமே இல்லாதவர், நமக்கு எந்த வயதிலும் ஒரு தொடக்கம் தருகிறார். அடேயப்பா, எவ்வளவு பெரியவர்! எங்கள் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறாரே!

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கலாம். அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். அவர் பங்கையும் என்னைப் போல நீங்களே சொல்லி முடித்துவிடாதீர்கள். நான் இப்போது வகுப்பிலும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறேன்.

இந்த அக்டோபரில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் கூடிய ஜெபமாலையில் முதல் பாதியை என் கணவரே சொன்னார், நிறுத்தி நிறுத்தி. மறுபாதி நான் சொல்ல வேண்டும். நானோ அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"இன்னா ரீட்டா," என்றார், "வாய் போச்சா?"