தொய்ந்து கிடந்த வயர்

ஆரணியில் எங்களுக்குப் பட்டுத் தறி. பாவில் ஓர் இழை தொய்ந்தாலும் என் கை தானாகப் போய் இழுத்துவிடும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினி, பள்ளியில் தோழிகளோடு சேர்ந்து தண்ணீருக்குள் ஓடும் ரோபோ செய்தாள். பிளாஸ்டிக் குழாய், சின்னச் சின்ன மோட்டார்கள், நீளமான ஒரு வயர். தொட்டியின் அடியில் கிடக்கும் வளையத்தை அது எடுத்து வர வேண்டும்.

பெற்றோர் முன்னால் ஓட்டிக் காட்டும் நாளில் வயரை என்னிடம் கொடுத்தாள். "லூசாவே வுட்டுடும்மா. இழுத்தா மோட்டார்லருந்து புடுங்கினு வந்துடும்" என்றாள்.

அவள் சுவிட்சை அழுத்த, ரோபோ இறங்கி வளையத்தை நெருங்கியது. வயர் தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. எப்போது இழுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ரோபோ அப்படியே நின்றுவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் வயர் கழன்றிருந்தது.

"வயர மோட்டார்ல வச்சு சால்டரிங் பண்ணது யாரு?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நான்தான் சார். சரியா பண்ணல போல" என்றாள் யாழினி. தோழிகள் அவளோடு பேசாமல் நகர்ந்து போனார்கள். அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னேன். "தெரியும்மா. உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன்" என்றாள்.

கை செய்ததற்குப் பழக்கத்தைச் சொல்லலாம். வாய் மூடி நின்றதற்கு எதைச் சொல்வது?

மறுநாளே பள்ளிக்குப் போய் ஆசிரியரிடமும் அந்தப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதும் ரோபோவை ஓட்டிப் பார்க்கும்போது வயர் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள். கை இழுத்துவிட்டால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான்தான் இழுத்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுகிறேன்.