மஞ்சள் ஏறாத தண்ணீர்

ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் தொட்டிக்காரருக்கு மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. ப்ளீச்சிங் பவுடரோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியதில் கண்ட பலன் அது. மேல்தொட்டியில் போட்ட மருந்து குழாயில் வருகிறதா என்பதைச் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார். தண்ணீர் மஞ்சளானால் குடிக்கலாம். வெள்ளம் அந்தச் சொட்டு மருந்துச் சீசாவையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

மூன்று நாள் கழித்துத் தெருவுக்குத் தண்ணீர் விடும் காலை. வால்வைக் கொஞ்சமாகத் திறந்தார். தொட்டிக்குக் கீழேயே அவர் வீடு. குழாயில் பிடித்து மனைவியை முகரச் சொன்னார்.

"மருந்து வாசனை வருதா?"

"மண்டைக்கு ஏறுது. திறந்து விடுங்க, தெருவே குடத்தோட நிக்குது."

திறந்துவிட்டார்.

பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் புதுச் சீசாவோடு வந்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. அடுத்த வீட்டுத் தண்ணீரிலும் மஞ்சள் ஏறவில்லை.

"தொட்டிக்குப் போட்ட பவுடர் மூட்டை ஈரத்துல கிடந்திருக்கு. வீரியமே இல்ல. யார் பாத்துத் திறந்தது?"

தொட்டிக்காரருக்கு மனைவியின் கைகள் நினைவுக்கு வந்தன. விடிந்ததிலிருந்து சேறு படிந்த வீட்டை, கடையில் வாங்கிய ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கழுவிய கைகள். தரை, சுவர், சேலை எல்லாம் அந்த வாசனைதான். அங்கே நின்று முகர்ந்தால் ரோஜாவும் அப்படித்தான் மணக்கும். அவள் பொய் சொல்லவில்லை. கேட்கக் கூடாத இடத்தில் கேட்டது அவர்.

"நான்தான் சார்."

வால்வை அடைத்துவிட்டு ஓடினார். மூன்று நாள் சாக்கடையில் மூழ்கிக் கிடந்த குழாய்கள். இதற்குள் எத்தனை பேர் குடித்தார்களோ. கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை.

"பிடிச்ச தண்ணியக் குடிக்காதீங்க! கொதிக்க வைங்க, இல்லன்னா கொட்டிடுங்க!"

தையல்காரர் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டார். "நல்லா இருக்கே! காலைல நல்ல தண்ணின்னு சொன்னது வேற வாயா?"

"இதே வாய்தான் அண்ணே. தப்பா சொல்லிடுச்சு."

"விறகெல்லாம் ஊறிக் கிடக்கு. எதை வச்சுக் கொதிக்க வைக்கிறது? உம்ம தலையையா?"

கூச்சல் கேட்டு மனைவி வந்து நின்றாள். கை இன்னும் ஈரமாக இருந்தது.

"மணக்குதுன்னு சொன்னது நான்தாண்ணே. இவருக்கு ஏது மூக்கு?"

"அது கிடக்கட்டும்," என்றார் தொட்டிக்காரர். "நீ குடிச்சியா?"

"ரெண்டு டம்ளர். தாகம்."

தவறை ஒப்புக்கொண்டால் பாரம் இறங்கும் என்பார்கள். அவருக்கு இறங்கவில்லை.

"சார்கிட்ட போய்ச் சொல்லு. வயித்துக்கு ஏதாச்சும்னா உடனே ஆஸ்பத்திரி."

"போறேன். நீங்க கடைசித் தெருவுக்கு ஓடுங்க. அங்கதான் குழந்தைங்க ஜாஸ்தி."

தையல்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யார்மேலோ கோபம் போல, குடத்தைச் சாக்கடைப் பக்கம் சாய்த்தார். அது காலியாகும்வரை தொட்டிக்காரர் நிற்கவில்லை.