இல்லாத கட்சியின் ஆள்

"எங்கப்பா எந்தக் கட்சியிலும் இல்லை" என்று தாக் மல்சுன் சொல்லாத இடமில்லை. மாமியாரிடம் சொன்னாள், போலீஸ் நிலையத்தில் சொன்னாள். யார் கேட்டார்கள்? அவள் அண்ணன் ரயில்வே தேர்வில் இரண்டு முறை தேறியும், 'சிவப்புக் கட்சிக்காரன் மகன்' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் குடித்தே செத்தான்.

வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கிய மறுமாதம் போலீஸ்காரர்கள் அப்பாவை லாரியில் ஏற்றினார்கள். பார்லிச் சோற்றை அவர் பாதிகூடத் தின்றிருக்கவில்லை. மல்சுனுக்கு அப்போது ஆறு வயது. உடல் கிடைக்கவில்லை. செத்த நாள் தெரியாததால், வீட்டைவிட்டுப் போன நாளிலேயே வருடா வருடம் படையல் வைத்தார்கள்.

அவளுக்கு அறுபத்தைந்து வயதானபோது, போர்க்காலக் கொலைகளை விசாரிக்கும் அரசுக் குழுவிலிருந்து மாங் என்ற அதிகாரி, அவள் கொடுத்த மனுவோடு வெங்காய வயலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, போலீஸ் குறிப்புல உங்கப்பா உழவர் புதுவாழ்வுக் கட்சின்னு இருக்கு. அது சிவப்புக் கட்சின்னு போலீஸ் எழுதியிருக்கு. அந்தக் காலத்துப் பத்திரிகை, பண்ணைக்காரங்க கட்சிங்குது. எது சரி?"

"எதுவா இருந்தா என்ன, தம்பி?"

"இந்தப் பக்கம் சிவப்புக் கட்சிக்காரங்களை விசாரிக்காமச் சுட்டது தப்புன்னு குழு முடிவு பண்ணியாச்சு. இதுவும் சிவப்புன்னா உங்கப்பாவும் அதுல வந்துடுவார். அரசாங்கம் மன்னிப்புக் கேக்கும். இல்லைன்னா, அவரைச் சுட்டதுக்கே வேற சாட்சி இல்லை."

ஆயுள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய சாயத்தை இப்போது தன் கையாலேயே அப்பா மேல் பூசவேண்டுமாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆனாலும் சாட்சி தேடிப் போனாள். அந்தக் காலத்து ஆட்களில் மிஞ்சியிருந்தவர் பழைய ஊர்த்தலைவரின் மகன் பே கியூசிக் ஒருவர்தான்.

"அது கட்சியாவது, மண்ணாவது!" என்றார் அவர். "சேர்ந்தா உரம் தர்றோம்னாங்க. கையெழுத்துக்குப் பதிலாக் குத்துற பேர் முத்திரை, எல்லா வீட்டுதும் எங்கப்பாகிட்டதானே இருந்துச்சு? எல்லாருக்கும் அவரே குத்திட்டார். உங்கப்பாவுக்கு அன்னிக்கு விஷயமே தெரியாது."

"சிவப்புன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணே."

"எழுதினா, ஊரையே சிவப்புல தள்ளிவிட்டவர் எங்கப்பான்னு ஆயிடும். என் பேரன் போலீஸ்ல இருக்கான்."

"அந்தக் காலமெல்லாம் போச்சுண்ணே."

"உனக்குப் போச்சா?"

மல்சுனுக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. அவளும் அதே பயத்தில் வளர்ந்தவள்தானே.

அறுவடை முடிந்தபின் மாங் முடிவோடு வந்தார். தலை நிமிராமல் படித்தார். பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால், அப்படி ஒரு கட்சி இருந்ததையே உறுதிசெய்ய இயலவில்லை. எனவே மனுவின் மீது முடிவெடுக்க இயலவில்லை.

அவள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவரும் படித்தார்.

"கட்சியே இல்லைன்னா," என்றாள், "எங்கப்பாவை எதுக்குத் தம்பி கொண்டுபோனீங்க?"