பதிப்புத் துறை படிக்கப் போய் ரயிலில் அட்டை போட்ட கதை

புத்தகத் தொழிலில் எழுதுகிறவரைக் கூப்பிட்டு மாலை போடுவார்கள், அச்சடிக்கிறவரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், நடுவில் நிற்கிற பதிப்பாளரை ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்ட தொழிலை இரண்டு வருஷம் எம்.ஏ. என்று உட்கார்ந்து படித்தவள் நான். கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை வீட்டிலிருந்து பெங்களூர் கல்லூரிக்குத் தினமும் ரயிலில் போய், ரயிலில் வந்து படித்தேன். யாருக்கும் விளங்காத படிப்பைப் படித்துவிட்டு, "அதுல வேலை கிடைக்குமா?" என்ற கேள்விக்குச் சிரித்தே சமாளிக்கிற என் சகபாவிகள் அத்தனை பேருக்கும் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

கோபக்காரிக்கு ஒரு சீட்

நேர்முகத் தேர்வில் எல்லாரிடமும் ஒரே கேள்விதான். ஏன் இந்தப் படிப்பு? எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் சின்ன வயசிலிருந்தே புத்தகம் என்றால் உயிர் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஹாசன் பெண் நம்ரதா, புதுப் புத்தக வாசனை பிடிக்கும் என்று சொல்லப்போவதாக என்னிடமே ஒத்திகை பார்த்தாள். நானும் அந்த மாதிரி ஏதோ ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

உள்ளே போனதும் பேராசிரியர் என் விண்ணப்பத்தைப் பார்த்து, "கேஜிஎஃப்பா? உங்க ஊரைப் பற்றி நிறைய வந்திருக்கே" என்றார். அவ்வளவுதான், ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. எழுத வருகிறவர்கள் எல்லாரும் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மூடின சுரங்க ஷாஃப்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், நாங்கள் இன்னும் அங்கே குடியிருக்கிறோம், எங்களில் ஒருத்தர் பேராவது புத்தக அட்டையில் வர வேண்டாமா என்று மூச்சு விடாமல் கேட்டுவிட்டேன். சீட் போச்சு என்று நினைத்து எழுந்தேன். அவர் கன்னடத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "காலையிலிருந்து எல்லாரும் புத்தகம் பிடிக்கும் பிடிக்கும்னாங்க. நீ ஒருத்திதான் சண்டைக்கு வந்திருக்கே. உட்காரு."

ஷிஃப்ட் பாஸ்

எதிர்வீட்டு தாமோதரன் மாமா சுரங்கத்தில் வேலை பார்த்து, மூடினபோது வீட்டுக்கு வந்தவர். நான் என்ன படிக்கிறேன் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. முதலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற படிப்பு என்று நினைத்து, தன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு ஐந்நூறு கார்டு ஆர்டரே கொடுக்க வந்துவிட்டார். நான் எழுதுவதில்லை, அச்சடிப்பதில்லை, கடை வைத்து விற்பதில்லை, ஆனால் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுத்து, திருத்தி, தாளும் எழுத்தும் முடிவு செய்து, கடைசி வரைக்கும் கூடவே நின்று புத்தகமாக வெளியே கொண்டுவருகிறவள் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது வெட்டி வேலையாகப் பட ஆரம்பித்தது.

மாமா மட்டும் முகம் மலர்ந்துவிட்டார். அன்றிலிருந்து தெருவில் என்னை யார் விசாரித்தாலும் அவர்தான் முந்திக்கொண்டு, சுரங்கத்து மேற்பார்வையாளர் கணக்கில் பதில் சொல்கிறார்: "நம்ம ஹேமா ஷிஃப்ட் பாஸ் மாதிரிப்பா. தோண்டறதும் அவன் இல்ல, தூக்கறதும் அவன் இல்ல. ஆனா கீழ லெவல்ல எதுனா தப்பாச்சுன்னா மொதல்ல அவன் தலைதான் உருளும்."

இர்ஃபானின் காரணம்

எங்கள் வகுப்பில் இர்ஃபான் இன்ஜினியர். நல்ல கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்து எங்களோடு எழுத்துரு பழகிக்கொண்டிருந்தான். பைத்தியமா உனக்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவன் ராப்பகலாக உழைத்துச் செய்த ஒரு செயலியைக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டதாம். சனிக்கிழமை பார்த்தால் அவன் போனிலேயே அது இல்லை. அவன் சோகமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "ரெண்டு வருஷம் என்னடா செஞ்சேன்னு எங்கம்மா கேட்டா, காட்டறதுக்கு என்கிட்ட ஒரு ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கு. ஷோகேஸ்ல வைக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்."

அட்டெண்டன்ஸ் நோட்டு

கடைசி செமஸ்டரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு நிஜப் புத்தகம் கொண்டுவர வேண்டும். நிஜ எழுத்தாளர், நிஜ ஒப்பந்தம், நூறு பிரதி. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். நான், இர்ஃபான், நம்ரதா ஒரு குழு. மற்ற குழுக்கள் பேர் தெரிந்த கவிஞர்களின் வாசலில் நின்றபோது நான் எங்கள் ரயில் பெட்டிக்குள்ளேயே ஆள் தேடினேன்.

எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் பகுதியில் குடியிருக்கும் செல்வி அக்கா பெங்களூரில் ஒரு பெரிய ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ரயில் புறப்படும் மாரிக்குப்பத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஆபீஸில் தீர்ந்துபோன அட்டெண்டன்ஸ் நோட்டுகளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிடுவார். வேலைக் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கூட்டத்தில் என் மடியில் நோட்டு விழுந்தது. 'சுரங்கக் கேஜில் ஆயிரக்கணக்கான அடி இறங்கி ஏறினவரோட பொண்ணு ரோசி, வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு லிஃப்டில் ஏறப் பயந்துட்டு பதினாலு மாடி நடந்தா' என்று முதல் வரி. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பெட்டியில் வருகிற ஒரு பெண்ணைப் பற்றி. இப்படி நான்கு நோட்டு. படித்துவிட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதைப் புத்தகமாகப் போடலாமா என்று கேட்டதற்கு அக்கா நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்: "இன்னாமா நீ, எட்டாவதோட நின்னவ எழுதினத படிக்கறதுக்கு யாரு வருவா? போய் வேற ஆளப் பாரு போ."

ஒரே ஒரு கையெழுத்து

மூன்று வாரம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். ஒப்பந்தத்தை நாங்களே எளிய தமிழில் எழுதியிருந்தோம். அக்கா அதைப் பங்காருப்பேட்டை வரைக்கும் ஒருமுறை, அதற்கப்புறம் இன்னொரு முறை வரிவரியாகப் படித்தார். படித்து முடித்ததும், வீட்டுக்காரர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். லோன், பிள்ளைகளின் சர்டிபிகேட், எதுவாக இருந்தாலும் அவருக்கு அதுதான் வழக்கம். எழுதினது நீங்கள், நீங்கள் போட்டால் போதும் என்றேன். நம்பவில்லை. பக்கங்களைத் திருப்பித் திருப்பி இன்னொரு கோடு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார்.

இல்லை என்று உறுதியானதும் தன் பேனாவைப் பார்த்துவிட்டு, நல்ல பேனா கொடு என்று என்னிடம் வாங்கினார். வண்டி நிற்கிற வரைக்கும் காத்திருந்து, ஆட்டம் இல்லாமல் கையெழுத்துப் போட்டார். இந்தப் படிப்பில் நான் கற்றுக்கொண்டது இன்னதென்று யாராவது கேட்டால் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்வேன். அக்கா தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தினி வருஷத்துல நான் மட்டும் தனியா கீற காயிதம் இதாம்மா."

பெட்டி முழுக்கப் புரூஃப் ரீடர்

திருத்தம் பார்க்க ஆசிரியருக்கு மட்டும்தான் புரூஃப் கொடுக்க வேண்டும் என்பது பாடம். செல்வி அக்கா அதைப் பெட்டியில் உரக்கப் படித்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா! அன்றைக்குத் தான் கட்டியிருந்தது பச்சைப் புடவை இல்லை, கிளிப்பச்சை என்று ஒருத்தர். சண்டையில் முதலில் வாயைத் திறந்தது நான் இல்லை, அவள்தான் என்று இன்னொருத்தர். நியாயமானதையெல்லாம் அக்கா ஓரத்தில் குறித்துக்கொண்டார், நியாயமில்லாததற்கு முறைத்தார். நம்ரதா அன்றைக்கு எங்களோடு வந்திருந்தாள். எந்த எடிட்டரும் இவ்வளவு கவனமாகக் கேட்டு அவள் பார்த்ததில்லையாம்.

லிஃப்டுக்குப் பயந்த ரோசியும் அன்றைக்குப் பெட்டியில்தான் இருந்தாள். பேரை எடுத்துவிடச் சொல்வாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இறங்கும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "பயந்தது நெசம்தான், அத எடுக்க வேணாம். ஆனா மறுநாள் நானே பட்டன் அமுக்கினேன். அதையும் போடச் சொல்லு."

முதுகு

இனி என் அசட்டுத்தனம். புத்தகத்தின் அட்டை ஒரே தாள். முன்பக்கம், முதுகு, பின்பக்கம் மூன்றும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். உள்ளே தாள் எவ்வளவு தடிமனோ அதற்கேற்ப முதுகுக்கு அகலம் விட வேண்டும். தாள் மெல்லிசாக இருக்கிறது, பின்பக்க எழுத்து தெரிகிறது என்று நம்ரதா சொன்னதால் கடைசி நேரத்தில் கனமான தாளுக்கு மாறினோம். அட்டை என் பொறுப்பு. பழைய அகலத்திலேயே விட்டுவிட்டேன். இதே கணக்குக்குப் பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லித் தொலைக்கிறேன்.

சனிக்கிழமை அச்சகத்தில் கட்டைப் பிரித்தால், முன்பக்கத்தில் இடது ஓரமாக இருக்க வேண்டிய 'செல்வி'யில் பாதி முதுகுக்குத் திரும்பிவிட்டிருந்தது. நூறு பிரதியிலும் அப்படியே. புது அட்டை போட்டு வாங்கப் புதன்கிழமை ஆகும், திங்கள் பதினொரு மணிக்குத் தேர்வாளர் வருகிறார். மதிப்பெண் போனால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். அட்டையில் எங்கள் ஆள் பேர் இல்லை என்று சண்டை போட்டுச் சீட் வாங்கினவள், எங்கள் ஆள் பேரையே மடித்துவிட்டேனே என்பதுதான் என்னைக் கொன்றது. மூட்டையோடு ரயிலேறி மைசூர் மைன்ஸுக்குப் போய் அக்கா கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அழுதேன். அக்கா புத்தகத்தைப் பிரித்து, உள்ளே தன் பேர் இருக்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்தார், மூடினார், முதுகைப் பார்த்தார்: "அய்யே, இதுக்கா அழுவற? ஸ்கூல் தொறந்தா மூணு பசங்களுக்கு உக்காந்து அட்ட போடற கைமா இது. கடைல பிரவுன் ஷீட்டு கீதான்னு பாரு, போ."

அட்டை போடும் வைபவம்

ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் பிரவுன் ஷீட்டும் நோட்டில் ஒட்டுகிற லேபிளும் வாங்கி, அளவாக வெட்டி வைத்தோம். திங்கள் காலை மாரிக்குப்பத்தில் வண்டி புறப்படும் முன்பே பத்துப் பெண்கள் மடியில் ஆளுக்குப் பத்துப் புத்தகம். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் தங்கள் வீட்டில் எப்படிப் போடுவார்களோ அப்படிப் போட்டார்கள். மூலையை உள்ளே மடிப்பதா, வெட்டிவிட்டு மடிப்பதா என்று உரிகம் ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் வாக்குவாதம். டேப் ஒட்டுகிறவளுக்கு மடிக்கத் தெரியாது என்று ரோசி தீர்ப்புச் சொன்னாள். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி நின்றது.

செல்வி அக்காவுக்கு லேபிள் எழுதுகிற வேலை. பெயர் என்ற இடத்தில் க. செல்வி. பாடம் என்ற இடத்தில் புத்தகத்தின் தலைப்பு, 'ஜன்னல் சீட்டில் யார்?' பள்ளி என்ற இடத்தில் 'மாரிக்குப்பம் டு பெங்களூர்'. வகுப்பு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. முதல் லேபிள் அது. எட்டாவது என்று எழுதப் பிடிக்காமல், வெறுமனே விடவும் மனசில்லாமல் அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புத்தகத்தை மடித்துக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் ரோசி சொன்னாள்: "ஒண்ணாங்கிளாஸ்னு போடுக்கா. இது உன் மொதோ புக்குதான?"

பத்துப் பேரும் வேலைக்குப் போயிட்டாங்க

தேர்வாளர் பல வருஷம் பதிப்பகத்தில் இருந்த, தமிழும் படிக்கத் தெரிந்த அம்மா. பளபளவென்று இருந்த மற்றப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு எங்கள் பழுப்பு அட்டையை எடுத்தார். மடிப்பைப் பிரித்துப் பார்த்தார், உள்ளே இருந்த தப்பான முதுகையும் பார்த்தார். நான் மறைக்காமல் நடந்ததைச் சொன்னேன். முதுகுக்காக மதிப்பெண்ணைக் குறைத்தார், என் கண் முன்னாலேயே குறைத்தார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து பதினைந்து பக்கம் படித்தார். இந்த மேலட்டைக்கு டிசைனர் யார், ஏன் அவர் வரவில்லை என்று கேட்டார். இர்ஃபான் எழுந்து நின்று பதில் சொன்னான்: "பத்துப் பேர் மேடம். அத்தனை பேரும் வேலைக்குப் போயிட்டாங்க."

கேட்

ஆசிரியரையாவது பார்க்க வேண்டும் என்றார் அந்த அம்மா. அக்கா ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் கல்லூரிக் கேட்டுக்கு ஓடினேன். அக்கா நீல யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து நின்றுகொண்டிருந்தார். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எல்லாம் பின்பக்கக் கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்று காவலாளி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன்.

அக்கா என்னைக் கையால் தடுத்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பெயர் எழுதின லேபிளில் விரலை வைத்து, கோபமே இல்லாமல் அந்த ஆளுக்கு விவரம் சொன்னார்: "ஹவுஸ்கீப்பிங்லாம் பன்னெண்டு மணிக்கு மேலதான்பா. இப்ப வந்துகீறது ரைட்டர். முன் கேட்டத் தொற."

முதுகின் அகலம்கூடச் சரியாகப் போடத் தெரியாமல் இந்தப் படிப்பை முடித்தவள் நான், ஆனாலும் அன்றைக்கு அந்த முன் கேட் திறந்ததைப் பார்த்த கர்வத்தில், ஏன் இதைப் படித்தாய் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று இப்போது நானே ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.